போலீஸ்காரர் மகன் மாஃபியாவில் சேர முடியுமா?

உங்கள் நாவலில், அப்பாவைக் கொன்ற மாஃபியா தலைவனைப் பழிவாங்க, போலீஸ்காரர் மகன் இத்தாலியின் பலெர்மோ நகர மாஃபியாவில் உறுப்பினராகச் சேர்கிறான். கதையைப் படித்துப் பார்த்தவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரிதான். நெருங்கிய உறவில் போலீஸ்காரர் இருந்தால் அங்கே சேர்க்கவே மாட்டார்கள். 2007இல் மாஃபியா தலைவர் சால்வத்தோரே லோ பிக்கோலோ பிடிபட்டபோது சிக்கிய விதிப் பட்டியலிலேயே இது இருந்தது.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். அவனை மாமூல் கட்டும் கடைக்காரனாக மாற்றுங்கள். மாமூல் பணக் கவரை வாங்குபவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு, "அம்மா நலமா?" என்று கேட்கட்டும். பத்து துப்பாக்கிச் சண்டை தராத பயத்தை அது தரும்.

அப்புறம் கதை முடிவில் வரும் அந்தக் கொலை, எனக்குச் சப்பென்று இருக்கிறது. மாஃபியா உறுப்பினராகவே இருந்த தொம்மாசோ புஸ்கெட்டாவைப் பாருங்கள். மாஃபியாப் போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர், 1984இல் விசாரணை நீதிபதி ஜொவான்னி பால்கோனேயிடம் வாய் திறந்தார். 1986இல் பலெர்மோவில் தொடங்கிய பெரிய வழக்கில் நூற்றுக்கணக்கானோர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். வாயைத் திறக்காததே சட்டமாக இருக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய பழிவாங்கல் ஏது?

உங்கள் கடைக்காரன் கையில் மாமூல் கணக்கு நோட்டு சிக்கினால் போதும். அதை யாரை நம்பிக் கொடுப்பது என்று அவன் தவிப்பதிலேயே மூன்று அத்தியாயம் ஓடும்.