இரட்சிக்கும் விசுவாசம் என்றால் என்ன?

கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினாலே இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்பு, கிடைத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. பிசாசுகளும் அதை நம்பி நடுங்குகின்றன என்கிறது பைபிளில் யாக்கோபு 2:19.

இயேசுவைப் பற்றிய செய்தியை அறிந்து, உண்மை என ஏற்று, அப்புறம் அவர்மேலேயே முழுப் பாரத்தையும் வைத்துவிடுவதுதான் இரட்சிக்கும் விசுவாசம். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் தயங்குகிறோம். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெறவில்லை, வாழ்க்கையைச் சரிசெய்ய நேரமும் இல்லை. "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டான். இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார் இயேசு. எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தெரியாது.

சரி, நற்செயல்கள் வேண்டாமா? எபேசியர் 2:8, 9 வசனங்கள் இரட்சிப்பை தேவனுடைய ஈவு, அதாவது இலவசப் பரிசு, என்கின்றன. பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனம் சொல்கிறது.