ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று ஏன் சொல்கிறார்கள்?

எங்கள் ஆயாவுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை. அவர் வாயிலிருந்து ‘ஸ்டான்லி’ என்ற பெயரை நான் கேட்டதே இல்லை. “கஞ்சித்தொட்டிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வரேன்” என்பார். வார்டில் நோயாளிகளுக்கு ஊற்றும் கஞ்சியால் வந்த பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி சரிதான், ஆனால் அது அந்த ஆஸ்பத்திரிக்கே மூத்தது.

1780இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, விளைச்சல் போனது, பஞ்சம் வந்தது. வழியற்றவர்கள் சென்னப்பட்டணத்தில் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒரு சத்திரம் எழுந்தது. பெயர் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மோனிகர் சௌல்ட்ரி’ ஆகிவிட்டது. மக்களுக்கு என்னவோ அது கஞ்சித்தொட்டிதான்.

பஞ்சத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் கஞ்சி மட்டும் போதுமா? 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற உதவி சர்ஜன் அந்தச் சத்திரத்திலேயே உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். ஸ்டான்லியின் வேர் அதுதான்.

அப்போது ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா என்றால், இருந்தது. இன்றைய ஜி.ஹெச்., அதாவது அரசு பொது மருத்துவமனை, 1664இலேயே கோட்டைக்குள் தொடங்கியாயிற்று, ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக. நம்மவர்களை அங்கே சேர்க்க ஆரம்பித்தது 1842இல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 178 வருஷம்! வடசென்னை ஏழைகள் ஏன் கஞ்சித்தொட்டியையே நம்பினார்கள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

‘ஸ்டான்லி’ 1930களில் ஒட்டிக்கொண்ட பெயர். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியுடையது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியும் ஆனது. பலகை மாறியது, ஆயா மாறவில்லை. திருவல்லிக்கேணிக்காரர்களும் இப்படித்தான், கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அவர்களுக்கு இன்னும் ‘கோஷா ஆஸ்பத்திரி’. கோஷா பெண்கள், அதாவது திரைக்குள் இருந்த பெண்கள், ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள் என்பதற்காக 1885இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

மணியக்காரர் சத்திரம் என்ன ஆனது என்று கேட்டால், இன்றும் ராயபுரம் பக்கம் இருக்கிறது. ஆதரவில்லாத முதியவர்கள் தங்குகிறார்கள்.