ஒட்டியதா, பெருகியதா?

வணக்கம் ஐயா,

நான் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வு மாணவி. ஒரு புரதத்தை பிளாஸ்டிக் பிளேட்டில் பூசி, ஏழு அமினோ அமிலப் பெப்டைடுகளை (குட்டிப் புரதத் துண்டுகளை) ஏந்திய ஃபேஜ் லைப்ரரியோடு, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் தொகுப்போடு, மூன்று ரவுண்டு பேனிங் (ஒட்டும் ஃபேஜ்களைப் பொறுக்கி எடுத்துப் பெருக்குவது) செய்தேன். கடைசியில் எடுத்த இருபது க்ளோன்களில் (தனித்தனி ஃபேஜ்களில்) ஒன்பதில் ஒரே வரிசை: எச்-ஏ-ஐ-ஒய்-பி-ஆர்-எச் (ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம்). இரண்டு க்ளோன்களில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. பிணைப்பை நிறமாகக் காட்டும் எலைசா சோதனையில் எல்லாமே சிக்னல் தருகின்றன, ஆனால் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) மட்டும் பூசிய வெல்லிலும் (பிளேட்டின் குழியிலும்) கொஞ்சம் வருகிறது. எத்தனை மடங்கு வித்தியாசம் இருந்தால் உண்மையான பிணைப்பு என்று எழுதலாம்? ஒன்பது முறை வந்ததே போதுமான சான்று என்கிறார் என் கைடு.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

மடங்குக் கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ஒன்பது க்ளோன்கள். உங்கள் கைடு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏழு இடங்களில் இருபது அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிப் போட்டால் சுமார் 128 கோடி வரிசைகள் கிடைக்கும். இத்தனைக்குள்ளிருந்து ஒரே வரிசை ஒன்பது முறை வந்தால், இலக்கான உங்கள் புரதம்தான் அதைப் பொறுக்கி எடுத்தது என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இலக்குகளை வைத்துத் தேடிய பல குழுக்களுக்கும் இதே ஏழு எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. 2008இல் பிராமரும் அவருடைய கூட்டாளிகளும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஃபேஜின் இரண்டாம் மரபணுவுக்கு முன்னால், புரதம் செய்யும் ரைபோசோம் வந்து அமரும் இடத்தில், ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. அந்த மரபணு தரும் புரதம்தான் ஃபேஜ் டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கி வைக்கிறது. அதனால் இந்த ஃபேஜ் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுகிறது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்க்கிறோம் அல்லவா, அங்கே அது முந்திக்கொள்கிறது. இலக்கை அது தொட்டிருக்கவே வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவசரத்தில் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். மாற்றம் இருப்பது ஃபேஜின் மரபணுத்தொகுதியில், பெப்டைடில் அல்ல. ஆகவே இந்த வரிசை எதனுடனும் பிணையாது என்றும் சொல்லிவிட முடியாது. செல்களுக்குள் இரும்பைக் கொண்டுசெல்ல உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் பிணையும் பெப்டைடாக இதே வரிசை 2001இல் வெளியானது. மூளைக்குள் மருந்தைக் கொண்டுசேர்க்கும் ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. உங்கள் புரதத்துடன் பிணைகிறதா என்பதை எண்ணிக்கை சொல்லாது. பெப்டைடைத் தனியாகச் செயற்கையாகச் செய்து வாங்கிச் சோதித்தால்தான் தெரியும். லைப்ரரியில் கொஞ்சத்தை இலக்கே இல்லாமல் மூன்று முறை பெருக்கி, என்ன மேலே வருகிறது என்றும் பாருங்கள். செலவு அதிகமில்லை, மிக நேர்மையான கன்ட்ரோல்.

டிரிப்டோஃபேன் க்ளோன்கள் வேறு வகை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் ஒட்டும் பெப்டைடுகளில் டிரிப்டோஃபேனும் டைரோசினும் மிகுந்திருக்கும் என்பது தொண்ணூறுகளிலிருந்தே தெரிந்த விஷயம். எதுவும் பூசாத வெல், பிஎஸ்ஏ வெல், கேசின் (பால் புரதம்) வெல், இலக்கு வெல் என்று நான்கிலும் போட்டுப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் பளிச்சென்று நிறம் வந்தால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாம். இதைத் தவிர்க்க, இலக்கில் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்து, அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் பூசிய மணிகளில் பிடிப்பவர்களும் உண்டு. அங்கே எச்-பி-க்யூ உள்ள பெப்டைடுகள் வந்து குவியும், அவை ஸ்ட்ரெப்டாவிடினையே பிடிப்பவை. ஒரு ரவுண்டு பிளேட், அடுத்தது மணி என்று பரப்பை மாற்றிக்கொண்டே போவது நல்லது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் லைப்ரரியை இலக்கில்லாத பரப்பில் ஊறவைத்து, ஒட்டாததை மட்டும் எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

சரி, எத்தனை மடங்கு? இரண்டு, மூன்று என்று பலர் எழுதுகிறார்கள், அது வெறும் பழக்கம். எத்தனை ஃபேஜ் போட்டீர்கள், எவ்வளவு கழுவினீர்கள், நிறம் வர எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். அதற்குப் பதில் ஃபேஜ்களை டைட்டர் பார்த்து (எண்ணிக்கையை அளந்து) சம எண்ணிக்கையில் எடுத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து வளைகோடு வரையுங்கள். இலக்கில் உள்ள இடங்கள் நிரம்ப நிரம்ப உண்மையான பிணைப்பு மட்டப்படும். சும்மா ஒட்டுவது பெரும்பாலும் நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும். பெப்டைடு செருகாத ஃபேஜையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது போட்டிச் சோதனையைத்தான். ஃபேஜை வெல்லில் ஊற்றுமுன், கரைசலில் இருக்கும் உங்கள் புரதத்தோடு ஊறவையுங்கள். புரதத்தின் அளவைக் கூட்டக் கூட்ட வெல்லில் சிக்னல் குறைய வேண்டும், அதே அளவு பிஎஸ்ஏ சேர்த்தால் குறையக் கூடாது. செயற்கைப் பெப்டைடு வந்ததும் அதை வைத்தும் இதைச் செய்யுங்கள். அதே எழுத்துகளைக் கலைத்துப்போட்ட பெப்டைடு ஒன்றையும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். தனிப் பெப்டைடின் பிணைப்பு ஃபேஜில் கண்டதைவிடப் பலவீனமாக இருந்தால் கலங்க வேண்டாம். இந்த வகை லைப்ரரியில் பெப்டைடு ஃபேஜ் உறையின் மூன்றாம் புரதத்தின் நுனியில் இருக்கிறது, ஒரு ஃபேஜுக்கு ஐந்து பிரதிகள். ஐந்தும் சேர்ந்து பிடித்த பிடியைத்தான் எலைசாவில் பார்த்தீர்கள்.

முதல் ரவுண்டில் எடுத்த, இன்னும் பெருக்காத எலுவேட் (இலக்கிலிருந்து கழற்றி எடுத்த ஃபேஜ் கரைசல்) ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து நேராகப் பிளாக்குகள் (பாக்டீரியாப் படலத்தில் ஃபேஜ் உண்டாக்கும் புள்ளிகள்) எடுத்து வரிசை பாருங்கள். இப்போது கிடைத்திருப்பதோடு அதை ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்