ஊதா மேஜை விரிப்பை இத்தாலிக்கு அனுப்பலாமா?

கேள்வி: கரூரில் மேஜை விரிப்பு, நாப்கின், ஏப்ரன் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய யூனிட் எங்களுடையது. அடுத்த சீசனுக்கு ஊதாவை முக்கிய நிறமாக வைத்து ஒரு செட் யோசித்திருக்கிறோம். பெட்டியும் ஊதா. அதில் தங்க எழுத்தில் ‘அரசர்களின் நிறம்’ என்று ஒரு வரி போட ஆசை. இத்தாலி, தாய்லாந்து, ஜப்பானில் பயர்கள் (சரக்கு வாங்குபவர்கள்) இருக்கிறார்கள். பிரேசிலில் ஒருவரிடம் பேச்சு நடக்கிறது. இணையத்தில் தேடினால் தாய்லாந்தில் ஊதா விதவைகளின் நிறம், இத்தாலியில் அபசகுனம், பிரேசிலில் சாவு நிறம் என்று வருகிறது. அதே பட்டியலில் அரச குலம், செல்வம், ஞானம் என்றும் இருக்கிறது. என் மாமனார், “கறுப்புக்குப் பக்கத்து நிறம்மா, வேண்டாம்” என்கிறார். எதை நம்புவது?

பதில்: செட்டைக் கைவிட வேண்டாம். தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் தாராளமாக அனுப்பலாம். பிரேசிலும் பிரச்சினை இல்லை. இத்தாலிக்கும் போகலாம், ஆனால் அந்தப் பெட்டியோடு வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் பார்த்த பட்டியல்கள் முழுப் பொய்யும் இல்லை. நிறத்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதிவிட்டு, அது எந்தப் பொருளில், எந்தச் சமயத்தில் வருகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே நிறம் ஒரு வரியில் ராஜாவாகவும் அடுத்த வரியில் பிணமாகவும் இருக்கிறது.

முதலில் அந்த ராஜா கதை. இன்றைய லெபனானில் இருக்கும் டயர் என்ற துறைமுக நகரம்தான் பழைய ஊதாவின் தலைநகர். மியூரெக்ஸ் என்ற முள் முள்ளான கடல் நத்தையின் உள்ளே ஒரு சிறு சுரப்பி உண்டு. அதை எடுத்து, உப்பிட்டு, நாள் கணக்கில் சூடாக்கிச் சாயம் எடுத்தார்கள். நாற்றம் தாங்க முடியாது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பால் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 1909இல் 12,000 நத்தைகளை உடைத்துப் பார்த்தார். கிடைத்த சாயம் 1.4 கிராம். ஒரு நாப்கினை முழுதாக முக்கி எடுக்கக்கூட அது போதுமா என்பது சந்தேகம். அந்த மூலக்கூறு என்ன என்று பார்த்தால், நம் திண்டிவனம் பக்கம் விளையும் அவுரியின் நீலத்தோடு இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு அணுவுக்குத்தான் ரோமாபுரி அத்தனை காசு கொடுத்தது. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைப் பட்டியலில், ஊதா தோய்த்த பட்டு ஒரு பவுண்டு 1,50,000 டெனாரியஸ். தங்கம் ஒரு பவுண்டு 72,000.

விலை இப்படி ஏறியதும் சட்டம் வந்தது. யார் உடுத்தலாம், யார் உடுத்தக்கூடாது என்று பேரரசர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். ‘அரசர்களின் நிறம்’ என்பதற்கு அடிப்படை இதுதான். ஊதாவுக்கு இயல்பிலேயே ஏதோ ராஜ களை இருக்கிறது, அது மூளையில் இப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் சிலர் எழுதுவார்கள். நான் அதை நம்புவதில்லை. சாயப்பட்டறைக் கணக்குதான் இந்த மரியாதையை உண்டாக்கியது.

உங்கள் வேலைக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். அந்த டயர் ஊதா இன்று நாம் ஊதா என்று மனதில் நினைக்கும் நீலம் கலந்த நிறம் இல்லை. உறைந்த ரத்தம் போல, முதல் பார்வைக்குக் கறுப்பாகவும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மின்னுவதாகவும் இருப்பதே உயர்ந்த ரகம் என்று ரோமானிய எழுத்தாளர் ப்ளினி குறித்திருக்கிறார். நம் ஜவுளிக்கடை பாஷையில் சொன்னால் அரக்குக்கும் நாவல் பழத்துக்கும் நடுவில் ஒரு ஷேட். நீங்கள் கத்தரிப்பூ நிறத்திலோ லாவெண்டரிலோ விரிப்புப் போட்டுவிட்டு மேலே ‘அரசர்களின் நிறம்’ என்று எழுதினால், விவரம் தெரிந்த ஐரோப்பிய பயர் உள்ளுக்குள் சிரிப்பார். அந்த வரி வேண்டுமென்றால் ஷேடைச் சிவப்புப் பக்கம் தள்ளுங்கள். ஷேடு முக்கியம் என்றால் வரியை எடுத்துவிடுங்கள்.

சரி, ராஜா நிறம் எப்படித் துக்கத்துக்குள் போனது? பைபிளில் பாடுகளின் காட்சியை நினைத்துப் பாருங்கள். போர்வீரர்கள் இயேசுவுக்கு ஊதா அங்கி போர்த்தி, முள்முடி வைத்து, “யூதருடைய ராஜாவே, வாழ்க” என்று ஏளனம் செய்கிறார்கள். அரச நிறம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்த ஏளனமே எடுபட்டது. கிறிஸ்தவ உலகத்துக்கு அரச மகிமையும் துன்பமும் ஒரே துணியில் வந்துவிட்டன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கும் குருவானவரின் உடை ஊதா. கரூரிலேயே ஏதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குத் தவக்காலத்தில் போனால், பீடத்து விரிப்பிலிருந்து திருவுடை வரை பார்க்கலாம். உங்களுக்குத் தொழில்முறையிலும் அது நல்ல பாடம்: ஊதாத் துணியில் தங்க நூல் வேலை ஒரு கிறிஸ்தவக் கண்ணுக்கு உடனே எதை நினைவூட்டும் என்று அங்கே நேரில் தெரியும்.

இத்தாலிக்காரரின் ஊதா பயமும் இங்கிருந்து வந்ததுதான். இடைக்காலத்தில் தவக்காலத்தின் நாற்பது நாளும் நாடகம் போடத் தடை இருந்தது. கோயிலில் ஊதா ஏறிவிட்டால் நடிகர்களுக்குப் பிழைப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதனால் நாடகக்காரர்களிடம் ஊதா ஆகாது என்ற நம்பிக்கை ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். இன்றும் மேடை, தொலைக்காட்சி வட்டாரத்தில் ஊதா உடையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இதை எடுத்து ‘இத்தாலியில் ஊதா அபசகுனம்’ என்று மொத்தமாக எழுதிவிடுகிறார்கள். ஃப்ளோரன்ஸ் நகரத்தில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 1926இல் தொடங்கிய அவர்களுடைய ஃபியோரென்டினா கால்பந்து அணியின் சட்டையே ஊதா. அணிக்குச் செல்லப்பெயரே ‘வியோலா’, அதாவது ஊதா. ஞாயிற்றுக்கிழமை மைதானம் முழுக்க ஊதாத் துண்டு போர்த்திக்கொண்டு வருகிறவர்கள், திங்கட்கிழமை உங்கள் விரிப்பைக் கண்டு பயப்படப் போவதில்லை.

ஆனால் தங்க எழுத்து வேறு விஷயம். இத்தாலியில் சாவுக்கு அனுப்பும் மலர்வளையத்தில் ஒரு ரிப்பன் கட்டி, அதில் அனுப்புகிறவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் போடும் வழக்கம் இருக்கிறது. அந்த ரிப்பன் பெரும்பாலும் ஊதா. ஊதாப் பெட்டி, தங்க ஃபாயில் எழுத்து, மேலே ஒரு சாட்டின் ரிப்பன் முடிச்சு என்று போட்டால், அது நம் கண்ணுக்குக் கல்யாணப் பட்டு மாதிரி இருக்கும். அவர்களுக்கு எது நினைவு வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிரேசில் பற்றிச் சொல்லப்படுவதும் இதே வேர்தான். புனித வாரத்தின் நிறம் அங்கேயும் ஊதா. ஆனால் அமேசான் கரையோர பெலெம் நகரத்தில் தினசரி சாப்பாட்டோடு குடிக்கும் அசாயிக் கூழே கரு ஊதாதான். பக்கத்து நாடான பெருவில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. லீமா நகரத்தில் அக்டோபரை ஊதா மாதம் என்றே சொல்வார்கள். 1651இல் அங்கோலாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் ஒரு சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசுவை வரைந்தார். 1655 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எல்லாம் விழ, அந்தச் சுவர் நின்றது. ‘அற்புதங்களின் ஆண்டவர்’ என்று அந்தப் படத்தின் நகலை இன்றும் ஊர்வலமாக எடுத்துப் போகிறார்கள். லட்சக்கணக்கில் கூடும் கூட்டத்தில் பாதிப்பேர் ஊதா அங்கி. தெருவெல்லாம் சாம்பிராணிப் புகை, கூடவே அந்த மாதத்துக்கென்றே செய்யும் தேன்பாகு இனிப்பு. துக்கம் என்று ஒரே வார்த்தையில் அடக்க முடியுமா இதை? அங்கே அது வேண்டுதலின் நிறம், நம் ஊரில் பழநிக்கு மாலை போடுகிறவர்களின் பச்சை, காவி போல.

தாய்லாந்துப் பயமோ வெறும் பட்டியல் பயம். அங்கே கிழமைக்கு ஒரு நிறம் உண்டு. திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி வெளிர் நீலம், சனி ஊதா, ஞாயிறு சிவப்பு. நமக்கும் கிழமையும் கிரகமும் நிறமும் பழகிய கணக்குதானே. இளவரசி சிரிந்தோர்ன் பிறந்தது 1955 ஏப்ரல் 2, சனிக்கிழமை. அதனால் ஊதா அவருடைய நிறம். அவரைக் கொண்டாட ஊதாச் சட்டை போடுகிறார்கள், ஊதாக் கொடி கட்டுகிறார்கள். தாய் ஏர்வேஸ் விமானத்தின் வாலைப் பாருங்கள். சயாம் கமர்ஷியல் வங்கியின் கிளையைப் பாருங்கள். விதவை நிறத்தில் யாராவது வங்கி நடத்துவார்களா? 2016 அக்டோபரில் மன்னர் பூமிபோல் இறந்தபோது நாடே உடுத்தியது கறுப்பு.

ஜப்பானில் ஊதா உங்களுக்குச் சாதகம் என்றே சொல்வேன். உயர்ந்த பௌத்தத் துறவிகளுக்கு மன்னர் அளித்த கௌரவ உடை ஊதா. இந்த உடையை யார் கொடுப்பது என்பதில் 1620களில் அரண்மனைக்கும் ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் அரசுக்கும் பெரிய சண்டையே நடந்தது. இன்று உபயோகத்தில் இருக்கும் உதாரணம் ஃபுகுசா. மொய்ப்பண உறையை மடித்து எடுத்துப் போகும் சிறு துணி அது. கல்யாணத்துக்குச் சிவப்பு, ஆரஞ்சு வகை. சாவுக்குக் கருநீலம், சாம்பல் வகை. அடர் ஊதா ஒன்று வைத்திருந்தால் இரண்டுக்கும் அதையே எடுத்துப் போகலாம். அதனால் அங்கே பல வீடுகளில் வாங்கும்போதே ஊதாவாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். துணி விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

உங்கள் மாமனாருக்கு வருவோம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஆகாது என்பது உறுதியான வழக்கம். மங்கின வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும் கரு ஊதாவையும் அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சனிக்கு உரிய கருநீலம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஆனால் கத்தரிப்பூ நிறமும் வாடாமல்லி நிறமும் இல்லாத காஞ்சிபுரம் பட்டுக்கடையை அவரே பார்த்திருக்க மாட்டார். பிள்ளையாருக்கு ஊதா எருக்கம்பூ மாலை சாத்துவதும் உண்டு. உள்ளூரில் விற்பதாக இருந்தால் அவர் பேச்சைக் கேட்டு ஷேடைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். ஏற்றுமதிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஒரு வரலாறு மட்டும் பாக்கி. நத்தை ஊதா எப்படி எல்லோர் வீட்டு ஊதாவானது? 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். தாரிலிருந்து வரும் அனிலினை வைத்துச் செய்த சோதனையில் கறுப்புக் கசடுதான் மிஞ்சியது. ஆல்கஹால் ஊற்றிக் குடுவையைக் கழுவும்போது ஊதா வந்தது. மோவ் என்று பெயர் பெற்ற முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்று இப்படிப் பிறந்தது. 1858இல் மகளின் திருமணத்துக்கு விக்டோரியா மகாராணி மோவ் நிற வெல்வெட்டில் வந்தார். அதே இங்கிலாந்தில், முழுக் கறுப்புத் துக்கம் முடிந்த பெண்கள் சாதாரண உடைக்குத் திரும்பும் முன் உடுத்திய அரைத் துக்க நிறமும் இந்த வெளிர் ஊதாதான். 1908இல் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் ஊதா, வெள்ளை, பச்சையைத் தங்கள் கொடிக்கு எடுத்துக்கொண்டார்கள். மகளிர் தினத்துக்கு இன்று எல்லோரும் ஊதா போடுவது அங்கிருந்து வருகிறது. பெட்டியில் ஏதாவது ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்றால், உங்கள் யூனிட்டில் பெண்கள் தைக்கிறார்கள் என்றால், ராஜாக்களைவிட இவர்கள் பொருத்தம்.

இனி, சின்னத்தைவிட உங்களுக்கு அதிகத் தொல்லை தரக்கூடிய இரண்டு விஷயங்கள். ஒன்று, சாயம். ஊதா பெரும்பாலும் சிவப்பும் நீலமும் கலந்து வருவது. லேப் டிப் (மாதிரிக்குச் சாயம் ஏற்றிய சிறு துணித்துண்டு) இரண்டை லைட் பாக்ஸில், அதாவது விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் பெட்டியில், வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்ச விளக்கில் இரண்டும் ஒன்றாக இருக்கும். மஞ்சள் பல்புக்கு மாற்றினால் ஒன்று கத்தரிக்காயாக நிற்கும், மற்றொன்று பழுப்புச் சிவப்பாகிவிடும். மேஜை விரிப்பு விரிக்கப்படுவது இரவுச் சாப்பாட்டுக்கு, மஞ்சள் விளக்கின் கீழ். அதனால் பெட்டியின் எல்லா விளக்கிலும் பார்த்து அப்ரூவல் வாங்குங்கள், பயரிடம் எந்த விளக்கு அவர்களுக்கு முதன்மை என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ஈரத் தேய்ப்புச் சோதனையையும் சலவையில் சாயம் இறங்குகிறதா என்ற சோதனையையும் விடாதீர்கள். அடர் ஊதா நாப்கின் வெள்ளை விரிப்போடு ஒரே மெஷினில் போகும், சாயம் ஏறினால் முழு லாட்டும் திரும்பி வரும். ஜன்னலோரம் வெயில் படும் மேஜையும் உண்டு என்பதால் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கிறதா என்று காட்டும் லைட் ஃபாஸ்ட்னஸ் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பெட்டி. சிவகாசியில் சாதாரண நான்கு கலரில் ஊதா அடித்தால், ஒரு தாள் நீலமாகவும் அடுத்தது மெஜந்தாவாகவும் ஓடும். பான்டோன் நம்பர் (நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்) கொடுத்து ஸ்பெஷல் கலராக அடிக்கச் சொல்லுங்கள், வெயிலில் வெளுக்காத மை வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். பளபளப்பு இல்லாத மேட் லேமினேஷன் போட்டால் ஊதாவின் ஷேட் மாறித் தெரியும். ஆகவே லேமினேஷன் போட்ட தாளில்தான் ஷேடை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தாலிக்கு மட்டும் வெளிப்பெட்டியைப் பழுப்புக் கிராஃப்ட் அட்டையிலோ வெள்ளையிலோ போட்டு, எழுத்தை ஊதாவில் அடியுங்கள். ரிப்பன் வேண்டாம், பருத்திக் கயிறு போதும். ஈஸ்டருக்கு அங்கே போகும் சரக்கில் அடர் ஊதாவைக் குறைத்து வெளிர் லைலாக்கைக் கூட்டுங்கள். தவக்காலம் முடிகிற நேரத்தில் அதே தவக்கால நிறத்தை மேஜையில் விரிக்க யாரும் தேட மாட்டார்கள். மற்ற மூன்று நாடுகளுக்கும் உங்கள் ஊதாப் பெட்டி, தங்க எழுத்தோடு, அப்படியே போகட்டும்.