நீச்சல்குளப் பாதுகாப்பு: கேள்வி பதில்

கேள்வி: சார், புதுக் குளத்துக்குப் போனால் முதலில் எதைப் பார்க்கணும்?

பதில்: ஆழமான பக்கத்தின் அடித்தரையை. தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் மூடி அங்கே இருக்கும். கரையில் நின்றபடியே அது தெளிவாகத் தெரியணும். அப்படித் தெரியாவிட்டால் அந்தக் குளத்தில் இறங்காதீர்கள். அடியில் ஒருவர் கிடந்தாலும் லைஃப்கார்டுக்குத் தெரியாது. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தாலும் வேண்டாம். அந்த உறிஞ்சலில் தலைமுடியோ குழந்தையின் கையோ சிக்கினால் பெரியவர் இழுத்தாலும் வராது. பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் தண்ணீர் சுத்தம்தானே?

பதில்: நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி மூக்கில் ஏறும், கண்ணை எரிக்கும். சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள்: ஃப்ரீ குளோரின் (கிருமியைக் கொல்ல இன்னும் மீதமிருக்கும் குளோரின்) 1 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, குறையக் கூடாது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.0 முதல் 7.8 வரை இருக்கணும்.

கேள்வி: கையில் காற்றடைத்த மிதவை மாட்டி 4 வயதுப் பையனை விடலாமா?

பதில்: கூடாது. அது விளையாட்டுச் சாமான். காற்று இறங்கும், கையிலிருந்து உருவிக்கொள்ளும். எட்டித் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இருக்கணும்.

கேள்வி: 6 வயதுப் பெண்ணுக்கு இடுப்பில் டியூப் போட்டால்?

பதில்: மேலே சொன்னதேதான். டியூப் கவிழ்ந்தால் தலை கீழே, கால் மேலே. குழந்தையால் தானாக நிமிர முடியாது.

கேள்வி: தம் கட்டி 25 மீட்டர் முங்கு நீச்சல் போகிறேன். அதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் இன்னும் தூரம் போகலாமாமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும்.

மறுப்பு: அப்படி மூச்சுவிட்டால் ஆக்ஸிஜன் கூடத்தானே செய்யும்? நன்றாக நீந்துகிறவருக்கு என்ன பயம்?

பதில்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருக்கிறது, கூடுவது சொற்பம். குறைவது கார்பன் டை ஆக்சைடு. மூச்சுமுட்டல் வருவதே முக்கியமாக அது ஏறுவதால்தான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், ஆக்ஸிஜன் தீரும்போதும் முட்டல் வராது. சுகமாக நீந்திக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வரும், அடுத்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகும். நீந்தத் தெரியாதவர் இதை முயலவே மாட்டார். சிக்குவது நன்றாக நீந்துகிறவர்தான்.

மறுப்பு: நண்பர் கரையில் நின்று பார்த்துக்கொண்டால்?

பதில்: தம் கட்டி அசையாமல் கிடப்பவரும் மயங்கிக் கிடப்பவரும் கரையிலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவருக்கு வித்தியாசம் புரிவதற்குள் மூளை பாதிக்கப்பட்டிருக்கும். மூச்சடக்கும் போட்டி எந்தக் குளத்திலும் வேண்டாம்.

கேள்வி: மூழ்குகிறவர் கத்துவாரே, கேட்காதா?

பதில்: பெரும்பாலும் கத்த மாட்டார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னுக்குச் சாயும், வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகப் போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். ஒரு நிமிடத்துக்குள் முழுகிவிடுவார். அதனால்தான் அடித்தரை தெரியணும் என்று முதலிலேயே சொன்னேன்.

கேள்வி: வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கணுமா?

பதில்: கூடாது. வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் ஒருவரை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறிமாறி. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

கேள்வி: கை மிதவையில் எந்த பிராண்ட் நல்லது?

பதில்: மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். எதுவும் வேண்டாம். அந்தக் காசுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற நீச்சலுடை வாங்குங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.