இரண்டு புள்ளி போன கதை

கேள்வி: 'பி' என்ற புள்ளியில் தொடங்கி 'ஏ' வழியாகப் போகும் கதிருக்கு என் மகன் 'ஏபி' என்று பெயர் எழுதினான். ஆசிரியர் இரண்டு புள்ளி குறைத்துவிட்டார். கோட்டுத்துண்டை ஏபி என்றாலும் பிஏ என்றாலும் சரி என்கிறார்களே, கதிருக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்? அதோடு, வயல்காரப் பிள்ளைக்குக் கதிர் என்றால் நெல்தான் ஞாபகம் வரும். பேசாமல் 'ரே' என்றே படிப்பிக்கலாமே?
– வாசகர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: ஆசிரியர் குறைத்தது சரி. கோட்டுத்துண்டுக்கு முனை இரண்டு. எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் அதே துண்டுதான். கதிருக்கு முனை ஒன்றே, மறுபக்கம் முடிவில்லாமல் ஓடும். ஆகவே தொடங்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவது எழுத்து திசை காட்டத்தான்.

இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று, வாவியில் தெரியும் தோணிக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் கையில் தொடங்கித் தோணியைத் தாண்டியும் போகும். தோணிக்காரர் திருப்பி அடித்தால் அது வேறு வெளிச்சம். அவர் கையில் தொடங்கி உங்கள் முதுகுக்குப் பின்னாலும் போகும். இரண்டுக்கும் பொதுவானது நடுவிலுள்ள துண்டு மட்டும். உங்கள் மகன் தோணிக்காரரின் டோர்ச்சை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் அதே கதிரில் ஏ-க்கு அப்பால் 'சி' என்று ஒரு புள்ளி இருந்து, 'பிசி' என்று எழுதியிருந்தால் அது சரி. பிஏ-யும் (பட்டம் அல்ல) பிசி-யும் ஒரே கதிர்தான். அதற்கும் வெட்டியிருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு நானும் வருகிறேன்.

இனி 'ரே'. ஆங்கிலத்தில் ஒளிக்கதிரும் ரே, திருக்கை மீனும் ரே. லத்தீனில் முன்னதன் வேர் சில்லின் ஆரக்காலைக் குறிக்கும் 'ராடியஸ்', பின்னதன் வேர் 'ராயா'; வேறு வேறாக இருந்தவை ஆங்கிலத்துக்கு வந்து ஒரே சொல்லாய்ப் போயின. வயல்காரப் பிள்ளையைக் காப்பாற்ற மீன்காரப் பிள்ளையைக் குழப்பச் சொல்கிறீர்களா? நமக்குத் திருக்கை வறைச் சட்டிக்குள், கதிர் கொப்பிக்குள். நெற்கதிரும் குடலைக்குள் (கதிரைப் பொதிந்திருக்கும் இலையுறை) ஒரு முனையை வைத்துக்கொண்டுதான் வெளியே நீள்கிறது. முற்றினால் வளையும், கணிதக் கதிர் வளையாது; அதை வயல்காரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

அப்புறம், உங்கள் கடிதத்தில் 'புள்ளி' இரண்டு தடவை வருகிறது. முதலாவது கதிர் தொடங்கும் இடம், இரண்டாவது பரீட்சையில் போனது. நீங்களும் குழம்பவில்லை, நானும் குழம்பவில்லை.