ஸ்லாம் மேடையில் கவிதைக்கு மதிப்பெண் இடுவது கவிதையைக் கெடுக்காதா? மேடையேறவும் நிகழ்ச்சி நடத்தவும் எப்படித் தொடங்குவது?

பல ஆண்டுகளாகத் தாளில் மட்டுமே எழுதி வந்த நீங்கள், இனி ஸ்லாம் மேடையில், அதாவது பார்வையாளர்களே எண் போடும் கவிதைப் போட்டியில், நிகழ்த்தவும், பின்னர் ஸ்போக்கன் வேர்ட் எனப்படும் மேடைக் கவிதை நிகழ்ச்சிகளையும் பட்டறைகளையும் நடத்தவும் விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கவிதைக்கு எண் போடுவது அதைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குத் தமக்குள் ஒரு விடை காணாமல் மேடையேறிய பலர், இரண்டு மூன்று போட்டிகளிலேயே மனம் கசந்து விலகியதைப் பார்த்திருக்கிறேன். நானும் அவ்வாறு ஓராண்டு விலகியிருந்தேன்.

சிகாகோவில் கட்டுமான வேலை செய்துவந்த மார்க் ஸ்மித், 1984இல் ஒரு சிறிய ஜாஸ் கூடத்தில் கவிதை வாசிப்பு நடத்தத் தொடங்கினார். கவிஞர்கள் தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்வதும், வந்தவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பதுமான வாசிப்புகள் அவருக்குப் பொறுக்கவில்லை. 1986 ஜூலையில் நிகழ்ச்சி கிரீன் மில் என்னும் ஜாஸ் விடுதிக்கு இடம் மாறியது. பார்வையாளர்களையே நடுவர்களாக்கி எண் போடச் செய்யும் போட்டி அங்கேதான் வேரூன்றியது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் அமெரிக்கத் தேசிய ஸ்லாம் நடந்தது. பிறகு அது கடல் கடந்தது. ஜெர்மன் மொழி ஸ்லாம் மரபை 2016இல் ஜெர்மனியின் யுனெஸ்கோ ஆணையம் அந்நாட்டின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு அங்கே அது வளர்ந்தது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பெண் என்பது கவிதையை அளப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கருவியன்று. கேட்பவரை விழித்திருக்கச் செய்வதற்கான ஏற்பாடு. கையில் எண் பலகையை வைத்திருப்பவர் கவிதையின் நடுவே பக்கத்தில் இருப்பவரோடு பேச மாட்டார். அவர் எழுதிய எண்ணோடு உடன்படாதவர்கள் உரக்க மறுப்பார்கள்; மறுக்க வேண்டுமானால் அவர்களும் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். விமர்சகர் ஹெரால்டு புளூம் 2000ஆம் ஆண்டில் ஸ்லாமைக் கலையின் மரணம் என்றே கண்டித்தார். அவர் அஞ்சியதில் பொருளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் கைதட்டலைக் குறிவைத்து எழுதப்படும் கவிதைகள் ஒவ்வொரு போட்டியிலும் வருகின்றன. ஆயினும், முன்பின் தெரியாத நாற்பது பேர் மூன்று நிமிடம் அசையாமல் ஒரு கவிதையைக் கேட்பதை வேறு எந்த வாசிப்பிலும் நான் அவ்வளவு எளிதாகக் கண்டதில்லை. மதிப்பெண்ணை அந்தக் கவனத்துக்கு நாம் கொடுக்கும் விலையாகக் கொள்ளலாம். விலை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது நிகழ்ச்சி நடத்துபவரின் பொறுப்பு.

அமெரிக்கப் போட்டிகளில் நிலைபெற்றுப் பிற நாடுகளிலும் பரவலாகப் பின்பற்றப்படும் விதிகள் எளியவை. கவிதை உங்களுடையதாக இருக்க வேண்டும். இசைக்கருவி, வேடம், கைப்பொருள் எதுவும் கூடாது. மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து நொடி சலுகை உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து நொடிக்கும் அரை மதிப்பெண் குறையும். ஐந்து நடுவர்கள் 0 முதல் 10 வரை, ஒரு தசம இடத்தோடு எண் போடுவார்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்படும். 7.2, 8.0, 8.1, 8.4, 9.6 என்று வந்தால் நடு மூன்றும் சேர்ந்து 24.5 ஆகும், நீங்கள் 3 நிமிடம் 24 நொடி எடுத்திருந்தால் ஒரு மதிப்பெண் கழிந்து 23.5 கிடைக்கும். உங்கள் நண்பர் நடுவராக அமர்ந்து பத்து போட்டாலும் அது பெரும்பாலும் கணக்கில் சேராது என்பதே இந்த ஏற்பாட்டின் நியாயம். ஜெர்மன் மொழி மேடைகளில் ஐந்து, ஆறு நிமிடம் வரை தருவதும் வழக்கம் என்பதால், கலந்துகொள்ளும் இடத்தின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மனப்பாடம் கட்டாயமில்லை, தாளைப் பார்த்து வாசிக்கத் தடையில்லை.

நிகழ்த்துவதைப் பற்றி நான் கற்றவற்றுள் முதன்மையானது தமிழின் வாக்கிய அமைப்பைப் பற்றியது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. தாளில் படிப்பவரின் கண் பின்னோக்கிச் சென்று எழுவாயைத் தேடிக்கொள்ளும். கேட்பவரின் காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, நான்கு எச்சங்களை அடுக்கி வினைமுற்றைத் தள்ளிப்போடும் வரி, தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அரங்கில் யார் என்ன செய்தார் என்பதையே தொலைத்துவிடும். அதே இயல்பு உங்களுக்கு உதவவும் செய்யும்: குறுகிய வாக்கியத்தில், வினைமுற்றுக்கு முன் அரை நொடி நிறுத்தினால், அரங்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதையும் கவிதையை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதும் ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்பதும் ஒரே பொருளைத் தந்தாலும், அவற்றின் மூச்சும் தாளமும் வேறு. மேடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்ற முயன்றால் நேரக் கணக்கும் ஓசையும் ஒருசேரக் குலையும்.

என் அளவில், மூன்று நிமிடக் கவிதைக்கு ஏறத்தாழ 250 சொற்கள் போதும். வீட்டில் கடிகாரம் வைத்துச் சொல்லும்போது 2 நிமிடம் 40 நொடியில் முடியும்படி வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் மேடையில் சிரிப்பும் கைதட்டலும் மௌனமும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு கைப்பிடி இடைவெளி இருக்கட்டும். ‘ப’ என்று தொடங்கும் சொல்லில் காற்று மோதி வெடிப்பது போல் ஒலித்தால், மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். மைக்கின் தலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடித்தால் கீச்சொலி எழும். புதியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காணொளிகளை நிறையப் பார்த்தவர்களுக்கு, வரியின் இறுதியை உயர்த்தி, இடையில் வேகமெடுத்து, முடிவில் குரல் நடுங்கும் ஒரே பாணி ஒட்டிக்கொள்கிறது. உங்கள் தாயோடு தொலைபேசியில் பேசும் குரலிலிருந்து தொடங்குங்கள். கவிதை கேட்கும் இடத்தில் மட்டும் அது உயரட்டும்.

என் நான்காவது போட்டியில் கவிதையின் நடுவில் ஒரு வரி முழுமையாக மறந்துபோயிற்று. அரங்கம் விரல்களைச் சொடுக்கி எனக்குத் துணை நின்றது. ஆயினும் வரி வரவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். நான் செய்திருக்க வேண்டியது, மௌனமாக மூச்சுவிட்டு, நினைவில் இருந்த அடுத்த பத்தியிலிருந்து தொடர்வதுதான். விடுபட்ட வரி எது என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு கவிதையிலும் தடுமாறினால் குதித்துச் சேரக்கூடிய மூன்று இடங்களைக் குறித்து, அவற்றைத் தனியே மனப்பாடம் செய்கிறேன்.

நிகழ்ச்சி நடத்துவதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. ஒரு தொகுப்பாளர், நேரம் பார்க்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர், நல்ல மைக் ஒன்று, பின்வரிசைக்கும் கேட்கும் ஒலிபெருக்கி ஆகியவை போதும். முதல் முறையாக நடத்தும்போது எட்டுக் கவிஞர்களுக்கு மேல் எடுக்காதீர்கள். கவிதை மூன்று நிமிடம் என்றாலும், அறிமுகம், எண்கள், அடுத்தவர் ஏறுவது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு ஐந்தாறு நிமிடமாகும். எட்டுப் பேரின் முதற்சுற்றும் நால்வரின் இறுதிச்சுற்றும் சேர்ந்தாலே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். நடுவர்களைக் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். போட்டியாளர் எவருக்கும் உறவோ நட்போ இல்லாதவர்களாக, வயதிலும் வாழ்விலும் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்களாக இருக்கட்டும். ஏறும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மாலை செல்லச் செல்ல நடுவர்களின் எண்கள் தாமாகவே ஏறும் என்பது எல்லா ஸ்லாம் மேடைகளிலும் அறியப்பட்ட உண்மை; முதலில் ஏறுபவருக்கு அது இழப்பு. அதைக் குறைக்கவே, போட்டியில் சேராத ஒரு கவிஞரை முதலில் வாசிக்கச் செய்து, நடுவர்கள் அவருக்கு எண் போட்டுத் தங்கள் அளவை நிறுவிக்கொள்ளும் வழக்கம் வந்தது. அவரைப் பலிக் கவிஞர் என்று அழைப்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை; நான் அவரை ‘முதற்குரல்’ என்று அறிவிக்கிறேன், அன்றைய மாலையின் மிகச் சிறந்த கவிஞர்களில் ஒருவரையே அதற்கு அழைக்கிறேன்.

இனி, என்னை மிகவும் வருத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் நடத்திய ஒரு போட்டியில், முதல் முறையாக மேடையேறிய ஓர் இளம்பெண், தந்தையின் இறப்பைப் பற்றிய கவிதையை நிகழ்த்தினார். எண் பலகைகள் உயர்ந்தன, ஒருவர் 6.3 என்று எழுதியிருந்தார். நிகழ்ச்சி முடிந்தபின் அந்தப் பெண் என்னிடம் வந்து, “என் அப்பா செத்ததுக்கு ஆறு புள்ளி மூணுதானா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நடுவர் தவறு செய்யவில்லை. விதிப்படி, கேட்ட கவிதைக்குத் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டார். தவறு என்னுடையது. அந்தப் பெண் என்னுடைய பட்டறையில் எழுதிய கவிதை அது. ‘உங்களுக்கு மிகவும் வலித்த ஒன்றை எழுதுங்கள்’ என்று அதற்கு முந்தைய வாரம் பயிற்சி கொடுத்தது நான்தான். எழுதியது ஆறுவதற்குள் அதை மேடைக்கு அனுப்பியதும் நான்தான்.

வலியைச் சொல்லும் கவிதைகளுக்கு ஸ்லாம் மேடையில் உயர்ந்த எண் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பல நேரங்களில் உண்மையாகவும் இருப்பதால், இளையவர்கள் தங்கள் காயங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து வருகிறார்கள். அந்த மாலைக்குப் பிறகு அந்தப் பயிற்சியை நான் கொடுப்பதே இல்லை. ஒருவர் தாமாகவே அத்தகைய கவிதையைக் கொண்டுவந்தால், வரிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் தனியாக ஒன்றைக் கேட்கிறேன்: “இதைச் சொல்லிவிட்டு, மோசமான எண்களோடு இறங்கி, தனியாக வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?” தயங்கினால், அதை ஓப்பன் மைக்கில், அதாவது போட்டியில்லாமல் விரும்பிய எவரும் வாசிக்கும் மேடையில், வாசிக்கச் சொல்கிறேன். என் நிகழ்ச்சிகளில் போட்டிக்கு முன் அரை மணி நேரம் ஓப்பன் மைக் இருப்பது இதற்காகத்தான். போட்டி தொடங்கும்போது, எண்கள் நிகழ்த்தப்பட்ட அந்த மூன்று நிமிடத்துக்கானவை, சொல்லப்பட்ட வாழ்க்கைக்கானவை அல்ல என்பதை நடுவர்களிடமும் கூட்டத்திடமும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

பட்டறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது எழுந்து நின்று சொல்ல வேண்டும்; அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பாதிப் பேர் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். நான் தவறாமல் செய்யும் பயிற்சிகள் இரண்டு. இருவர் இருவராகப் பிரிந்து, உங்கள் கவிதையை மற்றவர் உரக்கப் படிக்க, நீங்கள் கேட்பது ஒன்று. அவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே மூச்சு வாங்குகிறாரோ, அங்கே வரியில் ஏதோ பிசகு இருக்கிறது. மற்றொன்று, ஒருவர் நிகழ்த்தி முடித்தபின் எவரும் கருத்துச் சொல்லாமல், தங்கள் நினைவில் நின்ற சொற்களை மட்டும் திருப்பிச் சொல்வது. ‘நன்றாக இருந்தது’ என்று பத்துப் பேர் சொல்வதைவிட, பத்துப் பேரும் ஒரே வரியைத் திருப்பிச் சொல்வது கவிஞருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். எவர் நினைவிலும் நிற்காத பத்தியை நீக்குவதற்கு என் அறிவுரையும் தேவைப்படாது. காணொளி எடுப்பதானால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். பட்டறைக்குள் அது வேண்டவே வேண்டாம்.

தொடங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அருகில் நடக்கும் ஒரு ஸ்லாமுக்கு, கவிதை எதுவும் கொண்டுபோகாமல் சென்று, நடுவராக அமர முன்வாருங்கள். பெரும்பாலும் உடனே ஏற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு கவிதைக்கும் எந்த எண்ணை எழுதினீர்கள், எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்பதை அன்றிரவே ஒரு தாளில் குறித்துவையுங்கள். உங்கள் முதல் கவிதையை மேடைக்காகத் திருத்த உட்காரும் நாளில் அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.